மொரிஸ் மைனரும் அணையாத சிவப்பு விளக்கும்

யாழ்ப்பாணத்தில் 1964ஆம் ஆண்டு மொரிஸ் மைனர் ஒன்றை ஒன்பது ஆண்டுகளாக ஓட்டுகிறேன். 1098 சிசி இயந்திரம், அது சுழற்ற மின்சாரம் தந்து பற்றரியை நிரப்பும் பழைய லூக்காஸ் டைனமோ. அதே வேலையைச் செய்யும் புதிய வகையான ஆல்டர்னேட்டருக்கு மாறச் சொல்லாத ஆள் இல்லை. டைனமோ தருவது உச்சமாக 22 ஆம்பியர்தான். ஏசியும் பாட்டுப்பெட்டியும் இல்லாத காருக்கு அது போதும். நின்ற இடத்தில் இயந்திரம் மெதுவாக ஓடும்போது சிவப்புச் சார்ஜ் விளக்கு மினுங்குவதும் இயல்புதான்.

என்னை அலைக்கழித்தது வேறு. பகலில் அந்தச் சிவப்பு விளக்கு ஒழுங்காக அணைந்துவிடும். இரவில் முகப்பு விளக்கைப் போட்டால், பருத்தித்துறை வீதியில் வேகம் பிடித்த பிறகும் மங்கலாகக் கனன்றுகொண்டே வரும். டைனமோ போய்விட்டது என்று முடிவுகட்டி அதன் கரித்துண்டுகளை மாற்றினேன். பலனில்லை. டைனமோவில் பூட்டியிருக்கும் டி, எஃப் என்ற இரு வயர்களைக் கழற்றி, டைனமோவின் இரு முனைகளையும் ஒன்றாக இணைத்து, இயந்திரத்தை மெல்ல முடுக்கினேன். மீட்டர் சட்டென்று 20 வோல்ட்டுக்கு ஏறியது. டைனமோவில் குறையில்லை என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்? இருந்தும் போய், டைனமோவின் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் பெட்டி புதிதாக ஒன்று வாங்கினேன். அதே பழைய வயரைத்தான் அதிலும் திருகினேன், அதே கனல்.

இத்தனைக்கும் பற்றரி ஒருநாளும் இறங்கியதில்லை. அதை நான் யோசிக்கவே இல்லை.

அந்த விளக்கின் ஒரு கால் டைனமோவில், மறுகால் இக்னிஷன் சுவிட்சில். இரு பக்கமும் வோல்ட் சமமானால் அணையும். டைனமோ குறைந்தாலும் எரியும், சுவிட்ச் பக்கம் குறைந்தாலும் எரியும். முகப்பு விளக்கு எரிய, பற்றரிக்கும் விளக்குச் சுவிட்சுக்கும் இடையே மீட்டரை வைத்தேன்: 1.4 வோல்ட் வழியிலேயே தொலைந்திருந்தது. விளக்குச் சுவிட்சுக்கும் இக்னிஷன் சுவிட்சுக்கும் மின்சாரம் போகும் ரெகுலேட்டர் பெட்டியின் ஏ1 திருகைக் கழற்றினால், செப்பு இழைகள் பச்சை பூத்து, பாதி அறுந்து கிடந்தன. வெட்டி, சுரண்டி, புதிய முனை போட்டு இறுக்கப் பத்து நிமிடம். மஞ்சளாக அழுத முகப்பு விளக்குகளும் வெளுத்தன.

சோதிப்பவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம்: இந்தக் காரில் பற்றரியின் பிளஸ்தான் உடம்போடு சேர்ந்திருக்கிறது. டைனமோவின் பின்பக்க எண்ணெய்த் துளையில் இரண்டு மூன்று சொட்டு விடுவதையும் நான் தவறவிடுவதில்லை.

பழைய பெட்டியையே திரும்பப் பூட்டிவிட்டேன். இரண்டு நாள் ஓடிய புதியது அலுமாரியில் கிடக்கிறது. வேண்டுபவருக்குப் பாதி விலை.