கருஞ்சீரகத்தில் என்ன இருக்கிறது? ஜிசி-எம்எஸ், எச்பிஎல்சி, டிஎல்சி: ஓர் அலசல்

மூலிகை ஆய்வு தொடங்கும் மாணவர்களில் பலர் கருஞ்சீரகத்தை அரைத்து, சாறு இறக்கி, நேரே ஜிசி-எம்எஸ்ஸுக்கு (பொருள்களை ஆவியாக்கிப் பிரித்து, மூலக்கூறுகளின் எடையை வைத்து அடையாளம் காணும் கருவி) அனுப்பிவிடுகிறார்கள். எதைத் தேடுகிறோம் என்று முடிவுசெய்யாமல் அனுப்பினால் பணம்தான் வீண்.

கருஞ்சீரக விதையின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கொழுப்பெண்ணெய். அதில் அதிகம் இருப்பது லினோலிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம். வாசனை தரும் ஆவி எண்ணெய் மிகக் கொஞ்சம். மருந்துக் குணத்துக்குப் பேர்பெற்ற தைமோகுவினோனும், கூடவே பாரா-சைமீனும் இந்த ஆவி எண்ணெயில்தான் இருக்கின்றன. இவை போக நைஜெல்லிசின் போன்ற ஆல்கலாய்டுகளும் (நைட்ரஜன் கொண்ட செடிப் பொருள்கள்), ஆல்ஃபா-ஹெடரின் என்ற சபோனினும் (நீரில் நுரைக்கும் செடிப் பொருள்) உண்டு.

ஜிசி-எம்எஸ்ஸில் சூட்டில் சிதையாமல் ஆவியாகிறவை மட்டுமே வரும். தைமோகுவினோனின் மூலக்கூறு எடை 164தான், அதனால் எளிதாக வந்துவிடும். கொழுப்பு அமிலங்களை எளிதில் ஆவியாகும் மெத்தில் எஸ்டராக மாற்றிக் கொடுப்பது நல்லது. ஆல்ஃபா-ஹெடரினின் எடையோ 750. அது அப்படியே ஆவியாகி வரவே வராது. அறிக்கையில் சபோனின் இல்லை என்பதால் விதையிலும் இல்லை என்று எழுதிவிடக் கூடாது.

எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது இன்னொன்று. ஜிசி-எம்எஸ் மென்பொருள், வரைபடத்தில் எழும் ஒவ்வொரு பீக்குக்கும் (முகட்டுக்கும்) தன் நூலகத்தில் நெருங்கிய பெயரை எடுத்துக் கொடுக்கும். பொருந்தினாலும் பொருந்தாவிட்டாலும் ஒரு பெயர் வரும். பிளாஸ்டிக் குழாயிலிருந்து கரைந்த தாலேட்டும் (பிளாஸ்டிக்கை மென்மையாக்கும் பொருள்), கருவியின் பிரிகுழலிலிருந்து (column) கசிந்த சிலாக்சேனும் (சிலிக்கான் சேர்மம்) செடியின் மருந்துப் பொருள்களாக அட்டவணையில் ஏறிவிடுகின்றன. வெறும் கரைப்பானை ஒருமுறை ஓட்டிப் பார்த்தாலே இவற்றில் பெரும்பாலானவை சிக்கிவிடும். ஆல்கேன் என்ற ஹைட்ரோகார்பன்களின் வரிசையையும் ஓட்டி, அவற்றோடு ஒப்பிட்டுப் பொருள் வெளிவரும் நேரத்தைக் குறிக்கும் எண்ணான ரிடென்ஷன் இன்டெக்ஸைக் கணக்கிட்டுச் சரிபார்த்தால் பெயரை இன்னும் நம்பலாம்.

எச்பிஎல்சி (சாற்றை அழுத்தத்தில் திரவத்தோடு பிரிகுழல் வழியே செலுத்திப் பிரித்து அளக்கும் முறை) இதற்கு நேரெதிர். தெரியாத பொருளுக்கு அது பெயர் சொல்லாது. ஆனால் தூய தைமோகுவினோனை வாங்கி அருகில் ஓட்டினால், உங்கள் விதையில் அது எவ்வளவு என்று திருத்தமாகச் சொல்லும். சி18 என்ற வகைப் பிரிகுழல், கரைப்பானாக மெத்தனாலும் நீரும், அளக்க 254 நானோமீட்டர் புறஊதா ஒளி என்ற அமைப்பே போதும். பொருள் வெளிவரும் நேரம் ஒத்துப்போனால் மட்டும் பொருள் அதுதான் என்று ஆகிவிடாது. டையோடு அரே (பல அலைநீளங்களை ஒரே நேரத்தில் அளக்கும் உணர்கருவி) இருந்தால் புறஊதா நிறமாலையையும் ஒப்பிடுங்கள். எண்ணெய் மிகுந்த சாறு பிரிகுழலைப் பாழாக்கும் என்பதால் எண்ணெயைப் பிரித்து, வடிகட்டிய பிறகே செலுத்துங்கள்.

டிஎல்சியை (மெல்லிய பூச்சுள்ள தகட்டில் பொருள்களைப் புள்ளிகளாகப் பிரிக்கும் முறை) பழசு என்று ஒதுக்குவது தப்பு. புறஊதாவில் ஒளிரும் பொருள் கலந்த ஒரு சிலிக்கா தகடு, கொஞ்சம் கரைப்பான், 254 நானோமீட்டர் புறஊதா விளக்கு: தைமோகுவினோன் கரும்புள்ளியாகத் தெரியும். ஒரே தகட்டில் நாலைந்து கடைச் சரக்கை ஒப்பிடலாம். சபோனின் இருக்கிறதா என்று அறிய நுரை வருகிறதா எனப் பார்க்கும் சோதனைக்கு இந்த நம்பகம் கிடையாது. புரதம் இருந்தாலும் நுரைக்கும்.

சரி, கையில் பணம் குறைவு, எதை எடுப்பது? முதலில் டிஎல்சி, அப்புறம் தூய மாதிரியோடு எச்பிஎல்சி. ஆவி எண்ணெய் முழுவதையும் பார்க்க வேண்டுமென்றால் மட்டும் ஜிசி-எம்எஸ். ஆல்கலாய்டும் சபோனினும்தான் கேள்வி என்றால், செலவானாலும் எல்சி-எம்எஸ்ஸுக்குப் (ஆவியாக்காமல் திரவத்தில் பிரித்து, மூலக்கூறுகளின் எடையைப் பார்க்கும் கருவி) போவதே முறை.

எந்தக் கருவிக்கு அனுப்பினாலும் சாற்றைப் பழுப்புக் குப்பியில் வையுங்கள். வெளிச்சம் பட்டால் இரண்டு தைமோகுவினோன் மூலக்கூறுகள் இணைந்து டைதைமோகுவினோன் ஆகிவிடும். நீங்கள் அளக்க நினைத்தது மேசை மேலேயே குறைந்துபோயிருக்கும்.