சுவீடனிலிருந்து வருபவரா, கிண்ணியாவிலிருந்து போகிறவரா?

ஏகாம்பரம் மைதானத்தில் மாலை ஆட்டம் முடிந்து தேநீர்க் கடைக்குப் போனால், திருகோணமலையில் இப்போது இந்த வழக்குத்தான். இலங்கை உதைபந்தாட்ட அணி நிமிர, புலம்பெயர்ந்தவர்களின் பிள்ளைகளைக் கூட்டி வருவதா, உள்ளூர்ப் பெடியன்களை வளர்ப்பதா?

முதல் வழியின் பலன் கண்முன்னே தெரிகிறது. 2023 ஜனவரியில் பீஃபா நம் சம்மேளனத்தை இடைநிறுத்தியது. தடை நீங்க ஓகஸ்ட் ஆனது. அப்படிக் கிடந்த அணி, 2024 செப்டெம்பரில் கம்போடியாவைப் பெனால்டியில் வென்று ஆசியக் கிண்ணத் தகுதிகாணின் அடுத்த சுற்றுக்குப் போனது. லண்டனில் பிறந்த டிலன் டி சில்வா, சுவீடனில் வளர்ந்த ஆதவன் ராஜமோகன் போன்றவர்கள் அணிக்குள் வந்திருந்த காலம் அது. அணிப் பட்டியலில் ஆதவன் என்ற பெயரைக் கண்டதும் எங்கள் பெடியன்களுக்கு வந்த புளுகத்தைச் சொல்லி மாளாது.

ஆனால் இவர்கள் ஆட்டத்துக்குச் சில நாள் முன்புதான் வந்திறங்குகிறார்கள். ஒருவருக்கு மற்றவரின் ஓட்டம் பிடிபடுவதற்குள் விமானம் ஏறும் நாள் வந்துவிடும். அதோடு, இவர்களுக்குப் பந்தைப் பழக்கியது வேறு நாட்டுக் கழகங்கள். அங்கிருந்து வரத்து நின்றால் நம்மிடம் என்ன இருக்கிறது?

அப்படியானால் உள்ளூர் வழியா? 1995இல் கொழும்பில் இந்தியாவை 1-0 என வென்று தெற்காசியக் கிண்ணத்தை எடுத்தபோது இந்த வரத்து எதுவும் இருக்கவில்லை. சரி, அந்தப் பெருமையை வைத்து இன்றைக்கு ஆட முடியாது. 2021இல் நாட்டின் உயர்மட்டக் கழகப் போட்டியான சூப்பர் லீக் தொடங்கியபோது அதில் 10 கழகங்கள். வடக்கு, கிழக்கிலிருந்து ஒன்றுகூட இல்லை. மூன்று கழகங்கள் முப்படைகளுடையவை. படையில் சேர்ந்தால் பந்தோடு மாதச் சம்பளமும் உண்டு. மற்றவனுக்குப் பாடசாலை முடிந்ததும் பந்தும் முடிகிறது. பத்தொன்பது வயதுக்குப் பிறகு அவனுக்கு மிஞ்சுவது கோயில் திருவிழாச் சுற்றுப்போட்டியும் ஊர்க் கிண்ணமும்தான். கால் திறமையில் குறை இல்லை. வருடம் முழுக்க ஆடக் களம் இல்லை.

என் கட்சி இரண்டாவது வழி. அதற்குப் பத்து வருடமாவது பிடிக்கும், அதுவரை வெளியிலிருந்து வருபவர்களை வேண்டாம் என்று சொல்லும் நிலையிலும் நாம் இல்லை. ஆனால் விமானச் சீட்டுக்குப் போகும் காசில் ஒரு பங்காவது மாவட்ட லீக்குக்கு வரவேண்டும்.

எங்கள் மாவட்டத்துக் கிண்ணியாவில் இடது காலால் பந்தை வளைத்து அடிக்கும் பெடியன் ஒருவன் இருந்தான். இப்போது கட்டாரில் ஏசி பூட்டுகிறான். வெள்ளிக்கிழமை லீவில் ஆடுகிறானாம்.