யாழ்ப்பாணத்தில் சுருட்டை முடிக்குப் ‘புரோட்டீன் பக்கேஜ்’ எடுக்க நினைப்பவர்களுக்கு

கலியாணத்துக்கு முன் தலையைச் சரிபண்ணுவோம் என்று பார்லருக்குப் போக இருக்கிற சுருட்டை முடிக்காரர்கள் தயவுசெய்து இதை வாசித்துவிட்டுப் போங்கோ. யாழ் நகரில் ஒரு பார்லரில், முடிக்குப் புரதம் பூசும் ஐந்து தடவைக்கான ‘புரோட்டீன் பக்கேஜ்’ என்று 42,000 ரூபாயை முன்கூட்டியே கட்டினேன். மூன்றாம் தடவையோடு என் தலைமயிர் நடுவில் முறிந்து கொட்டத் தொடங்கியது. செய்யாத இரண்டு தடவைக்கான காசு இன்னும் திரும்பி வரவில்லை.

எனக்குப் பிறவிச் சுருள், அம்மம்மா வழி வந்தது. ஐந்து வருடம் கொழும்பில் வேலை செய்துவிட்டு இந்தத் தை மாதம் கோண்டாவிலுக்குத் திரும்பி வந்தேன். வந்து இரண்டு மூன்று மாதத்தில் முடி சொரசொரத்துப் போனது. முழுகிக் காயவிட்டால் சுருள் சுருளாக விழாமல் ஊதிக்கொண்டு நின்றது. ஆவணியில் தங்கச்சியின் கலியாணம். அந்த அவசரத்தில்தான் வைகாசியில் அங்கே போனேன்.

அங்கிருந்த அக்கா ஒரே ஒரு முடியை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “பிள்ளை, உங்கட முடியில புரதமே இல்லை. சுருட்டை முடிக்கு எப்பவும் புரதம் குறைவுதான்” என்றார். எந்தக் கிணற்றுத் தண்ணீர், என்ன ஷாம்பு, எண்ணெய் வைக்கிறனானா, முன்பு சாயம் போட்டேனா, ஒன்றையும் கேட்கவில்லை. நானும் நம்பினேன். ஐந்து கட்டம் போட்ட ஒரு அட்டை தந்தார்கள். பற்றுச்சீட்டு தரவில்லை.

முதல் தடவை உண்மையிலேயே நன்றாக இருந்தது, அதை மறைக்க மாட்டேன். ஒரு கிழமை சுருள் வடிவாக விழுந்தது. பத்து நாளில் இரண்டாம் தடவை. அதற்குப் பிறகு முடி விறைக்கத் தொடங்கியது, கையால் கோதினால் தும்பைப் பிடிப்பது போல இருந்தது. போய்ச் சொன்னேன். “இன்னும் புரதம் பிடிக்கேல்ல” என்று வீட்டில் பூச 6,500 ரூபாய்க்கு ஒரு டப்பா விற்றார்கள். அதுவும் புரதம். மூன்றாம் தடவை முடிந்த கிழமை, தலையணையில், தோளில், குளியலறை வாசலில் எல்லாம் துண்டு துண்டாக முடி. ஒரு விரல் நீளத் துண்டுகள். வேரோடு உதிர்ந்த முடியென்றால் ஒரு நுனியில் வெள்ளையாகச் சின்னக் குமிழ் இருக்கும். இவற்றில் அது இல்லை, எல்லாம் நடுவில் முறிந்தவை.

நான்காம் தடவை போனபோது கதை மாறியது. “உங்கட முடி சுருளாய் இருந்தா இனித் தாங்காது, கெரட்டின் அடிச்சு நேராக்கினாத்தான் காப்பாற்றலாம். மிச்ச ரெண்டு தடவையையும் இதில கழிச்சு விடுறம், மேலதிகமா 15,000 தாங்கோ.” கலியாணத்துக்கு நாள் நெருங்கிய பயத்தில் கதிரையில் இருந்துவிட்டேன். யன்னல் சாத்திய ஏசி அறை. திரவத்தைப் பூசிக் காயவைத்து, 230 பாகை என்று காட்டிய அயனை வைத்து இழுத்ததும் புகை எழும்பியது. கண் எரிந்து தண்ணீர் வடிந்தது, தொண்டை பிடித்தது. எனக்குப் பூசிக்கொண்டிருந்த பிள்ளைக்கு இருபது வயது வராது. ஒரு சாதாரண முகக்கவசத்தோடு விடாமல் இருமிக்கொண்டே வேலை செய்தது. போத்தலைக் காட்டச் சொன்னேன், “கொம்பனி இரகசியம்” என்றார்கள். இரண்டு கற்றையோடு எழும்பி, தலையைக் கழுவிக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்தப் போத்தலில் என்ன இருந்ததென்று எனக்குத் தெரியாது, அதனால் அதை இன்னதென்று சொல்லமாட்டேன். ஆனால் முடியை நேராக்கும் பல திரவங்களில் போமல்டிஹைட்டோ, சூடு பட்டதும் போமல்டிஹைட்டை வெளிவிடும் மெத்திலீன் கிளைக்கோலோ இருப்பது தெரிந்த விடயம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் போமல்டிஹைட்டை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதலாம் வகுப்பில் வைத்திருக்கிறது. ‘போமல்டிஹைட் இல்லை’ என்று எழுதிய போத்தல்களிலும் அது இருந்ததாக அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு அதிகாரிகள் 2011 இல் எச்சரித்தார்கள். கண் எரிந்தால் மரியாதை பார்க்காமல் எழும்பி வெளியே வாங்கோ. நாங்கள் ஒருக்கா மூச்செடுத்துவிட்டு வருகிறோம். அந்தப் பிள்ளை நாள் முழுக்க அதைத்தான் மூச்செடுக்கிறது. அதை நினைத்தால் எனக்கு இன்னும் மனம் பொறுக்கவில்லை.

இங்கே திருநெல்வேலியில் உள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இரசாயனவியல் படிக்கிற என் மச்சாள் அன்று பின்னேரமே வந்தாள். ஒரு முடியை நனைத்து இரண்டு கையாலும் மெல்ல இழுத்தாள். கொஞ்சமும் நீளாமல் படக்கென்று அறுந்தது. “மச்சாள், நல்ல முடி நனைஞ்சிருக்கேக்க இழுத்தா கொஞ்சம் நீண்டு, விட்டாத் திரும்பிப் போகும். ரப்பர் மாதிரி நீண்டு திரும்பாமக் கிடந்தா ஈரம் கூடிப்போச்சு, புரதம் வேணும். இப்பிடி நீளாமலே அறுந்தா புரதம் கூடிப்போச்சு. உங்களுக்கு இதைத்தான் திரும்பத் திரும்ப ஏத்தியிருக்கினம்.”

எல்லாருடைய முடியும் கெரட்டின் என்ற புரதத்தால் ஆனதுதான். சுருள் வருவது முடிக்குழியின் வடிவத்தால், புரதம் குறைந்ததால் இல்லை. தலையில் ஊறும் எண்ணெய் நேர்முடியில் வழுக்கிக்கொண்டு நுனிவரை இறங்கும். சுருளில் வளைவுக்கு வளைவு தங்கிவிடும். அதனால்தான் எங்கள் முடியின் நுனி காய்கிறது. அதற்கு ஈரமும் வழுவழுப்பும் வேண்டும். சாயம் போட்டு, சூடு வைத்துச் சேதமான முடிக்கு அளவான புரதம் உதவும், எனக்கு முதல் தடவை நன்றாக இருந்ததும் அது அளவோடு இருந்ததால்தான். பத்து நாளுக்கு ஒருக்கா ஏற்றியதில்தான் முடி விறைத்தது.

தொடக்கத்தில் என் முடி கெட்டதற்குக் காரணம் எங்கள் கிணறு. யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக்கல்லின் மேல் இருக்கிறது, கேத்திலின் அடியில் படிகிற வெள்ளைப் படையைப் பார்த்தாலே விளங்கும். கல்சியமும் மக்னீசியமும் முடியிலும் அப்படித்தான் ஒட்டும். கொழும்பில் களனி ஆற்றுத் தண்ணீருக்குப் பழகிய முடி இங்கே வந்து சொரசொரத்ததில் அதிசயமில்லை. “எங்கே தலை முழுகுறனீங்கள்?” என்று அந்த அக்கா ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்.

பிறகு நான் செய்தது: அந்த டப்பாவை நிறுத்தினேன். வாங்குகிற எல்லாவற்றிலும் ‘ஹைட்ரொலைஸ்ட்’ (சிறு துண்டாக்கிய புரதம்) என்று தொடங்கும் கெரட்டின், வீட் (கோதுமை), சில்க் (பட்டு) இருக்கிறதா என்று பார்த்து இரண்டு மாதம் தவிர்த்தேன். தண்ணீரின் படையை எடுக்க, கல்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக் கழற்றும் ஈடிடிஏ (EDTA) என்ற பொருள் உள்ள ஷாம்புவால் மாதம் ஒருமுறை முழுகினேன். தேசிக்காய்ப் புளியை நேராகத் தலையில் பிழியச் சொல்வார்கள். எனக்குத் தலைத்தோல் எரிந்தது, விட்டுவிட்டேன். முழுகுவதற்கு முன் தேங்காயெண்ணெய் வைத்தேன். தேங்காயெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்ட 2003 ஆம் ஆண்டு ஆய்வொன்றில், முடியிலிருந்து புரதம் கழுவப்படுவதைக் குறைத்தது தேங்காயெண்ணெய் மட்டும்தான். அம்மம்மா சும்மா வைத்துவிடவில்லை. கண்டிஷனர் தலையில் இருக்கும்போதே விரலால் சிக்கெடுத்தேன், காய்ந்த முடியில் சீப்பு வைப்பதில்லை. ஐப்பசி மழை தொடங்கியதும் வாளி வைத்துப் பிடித்த மழைத்தண்ணீரைக் கடைசியாக ஊற்றினேன். அந்த வித்தியாசத்தைக் கையால் தொட்டே உணரலாம்.

தங்கச்சியின் கலியாணத்துக்கு முறிந்ததையெல்லாம் வெட்டிக் கழுத்தளவில்தான் நின்றேன். படங்களைப் பார்க்க இன்றும் கஷ்டமாக இருக்கிறது. இப்போது கார்த்திகை. அடியிலிருந்து ஐந்து சென்ரிமீற்றர் அளவுக்குப் புது முடி, நல்ல சுருளோடு வந்திருக்கிறது.

காசு விடயம். மிச்சத்தைக் கேட்டபோது “பக்கேஜ் காசு திருப்பித் தாறேல்ல” என்றார்கள். பிறகு வட்ஸ்அப்பில் என்னை அடைத்துவிட்டார்கள். நுகர்வோர் விவகார அதிகாரசபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்தேன், விசாரணை நடக்கிறது. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டப்படி சேவை பெற்ற நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முறைப்பாடு போய்ச் சேரவேண்டும், எனக்கு இரண்டு கிழமைதான் மிச்சம் இருந்தது. அதிகாரசபையின் தொலைபேசி இலக்கம் 1977. பற்றுச்சீட்டைக் கேட்டால் தந்தே ஆகவேண்டும், நான் கேட்காமல் விட்டேன். கடைசியில் எனக்குக் கைகொடுத்தவை வங்கியால் காசு அனுப்பிய பதிவும், மூன்று கட்டத்தில் திகதியோடு கையெழுத்து வைத்த அந்த அட்டையும்தான்.

உங்களிடமும் அப்படி ஒரு அட்டை இருந்தால் எறியாதேங்கோ. கடைசியாகப் போன திகதியைப் பாருங்கோ. கடிதம் எழுதத் தெரியாதென்றால் கேளுங்கோ, நான் எழுதித் தாறன்.