மூடி கழலும் மண்டையோட்டு மாடல்: பொருள் நல்லது, பெயர்தான் தப்பு

முதலாண்டு நர்சிங் மாணவிகளுக்கு உடற்கூறியல் எடுக்கிறேன். வகுப்புக்காக வாங்கிய பிளாஸ்டிக் மண்டையோடு இது. மேல் மூடி, அடிப்பாகம், ஸ்பிரிங்கில் தொங்கும் கீழ்த்தாடை என்று மூன்றாகப் பிரியும். ஒரு பருவம் முழுக்கப் பயன்படுத்திவிட்டுத்தான் எழுதுகிறேன். மாடலைத் தயங்காமல் வாங்கலாம். கூட வரும் விளக்கத்தாளை மட்டும் மாணவர் கையில் கொடுத்துவிடாதீர்கள்.

அந்தத் தாளில் கழலும் மூடிக்கு அம்புக்குறி போட்டு 'கிரேனியம்' என்று அச்சிட்டிருக்கிறார்கள். முதல் தேர்விலேயே அதன் விளைவைப் பார்த்தேன். கிரேனியத்தின் எலும்புகள் எவை என்று கேட்டதற்கு, பல பேர் மூடியில் கண்ட ஃப்ரான்டல் (நெற்றி), பரைட்டல் (உச்சி), ஆக்ஸிபிடல் (பிடரி) மூன்றோடு நிறுத்திவிட்டார்கள். அடித்தளத்தில் இருக்கும் ஸ்பீனாய்டும் எத்மாய்டும் காணோம். பிள்ளைகளைக் குறை சொல்ல மனம் வரவில்லை. படித்ததைத்தானே எழுதினார்கள்?

அந்த மூடியின் பெயர் கால்வேரியா. கிரேனியம் என்றால் சிலர் மண்டையோடு முழுவதையும் சொல்வார்கள்; சர்வதேச உடற்கூறியல் சொற்பட்டியலிலும் அப்படித்தான். பல பாடப்புத்தகங்களோ முகத்தின் 14 எலும்புகளைத் தள்ளிவிட்டு, மூளையைச் சூழ்ந்த 8 எலும்புகளுக்கு மட்டும் அந்தப் பெயரை வைத்துக்கொள்கின்றன. எந்தக் கணக்கில் பார்த்தாலும் மூளை உட்காரும் தளம் கிரேனியத்தில் சேர்ந்தே ஆக வேண்டும். தாளின் பின்பக்கத்தில் 'கால்வேரியம்' என்று வேறு இருக்கிறது. கிரேனியத்தின் வாலைப் பிடுங்கி இதற்கு ஒட்டியதால் வந்த பிழை அது. லத்தீனில் கால்வேரியா என்பதே ஒருமை. வழுக்கையைக் குறிக்கும் சொல்லோடு உறவுள்ளது.

சரி, மாடலுக்கு வருகிறேன். எலும்புகள் ஒன்றோடொன்று சேரும் தையல் கோடுகள் ரொம்பத் தெளிவு. விரலை வைத்தாலே கொரோனல், சஜிட்டல், லாம்டாய்டு மூன்றும் தட்டுப்படும். எனக்கு மிகவும் பிடித்தது உள்பக்கம். மூளை உறைக்கு ரத்தம் கொண்டுபோகும் நடு மெனிஞ்சியல் தமனியின் பள்ளம் அடிப்பாகத்தில் ஃபொராமென் ஸ்பைனோசம் என்ற சிறு துளையின் பக்கத்தில் தொடங்கி, வெட்டுக்கோட்டைத் தாண்டி, மூடிக்குள் கிளை பிரிந்து போகிறது. பொட்டில் அடிபட்டால் எலும்புக்கும் மூளையைப் போர்த்தியிருக்கும் டியூரா உறைக்கும் இடையில் ஏன் ரத்தம் கட்டுகிறது என்பதைப் படம் போட்டு விளக்கிய காலம் போய், இப்போது மூடியை எடுத்துக் கையில் கொடுத்துவிடுகிறேன்.

குறையும் உண்டு. வெட்டிய விளிம்பு மொழுக்கென்று இருக்கிறது. அசல் எலும்பில் இரண்டு கெட்டியான தகடுகளுக்கு நடுவே டிப்ளோயி என்னும் பஞ்சு போன்ற அடுக்கு தெரியும். அதை வண்ணத்திலாவது காட்டியிருக்கலாம். தாடை ஸ்பிரிங் ஒன்று இரண்டாம் மாதமே தளர்ந்துவிட்டது, ஆனால் கொக்கியை மாற்றி மாட்டினால் நிற்கிறது.

மூடியைக் கழற்றி மேசையில் மல்லாக்க வைத்த அன்று ஒரு மாணவி, "திருவோடு மாதிரி இருக்கு மேடம்" என்றாள். எனக்கு அவ்வளவு சந்தோஷம். மண்டையோட்டில் இருக்கும் ஓடும் அந்த ஓடுதான். மண்டை என்ற சொல்லே பழைய தமிழில் இரப்பவர் ஏந்தும் கலத்தைக் குறித்தது. புறநானூற்றில் கொடுப்பார் இல்லாமல் கவிழ்ந்து கிடப்பது அந்த மண்டைதான். கபாலம் என்ற வடசொல்லுக்கும் ஓடு, கலம் என்ற பொருள் உண்டு. மல்லாந்த மூடியை அவள் கையாலேயே கவிழ்த்து வைக்கச் சொல்லி, "இதுதான் கால்வேரியா" என்றேன். அடுத்த தேர்வில் அந்த வகுப்பில் ஒருவர்கூட அதைக் கிரேனியம் என்று எழுதவில்லை.

விளக்கத்தாளை இப்போது அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். மூடியின் உள்விளிம்பில் சரியான பெயரை மார்க்கரால் எழுதி வைத்திருக்கிறேன்.