தாக்காகுரா உரக்கூடை: பிபிஆர் வீட்டில் நிற்குமா?

பிபிஆர் (மலேசிய அரசின் மலிவு வாடகைக் குடியிருப்பு) ஃபிளாட்டில் சமையலறைக் கழிவை என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு, அதை வீட்டிலேயே உரமாக்கும் தாக்காகுரா கூடையைத் தயங்காமல் சொல்லலாம். ஆனால் ஒரு வீடு மட்டும் தனியாக ஆரம்பித்தால், மூன்றாவது வாரமே கூடை மூலைக்குப் போய்விட வாய்ப்பு அதிகம். ஒரே மாடியில் ஆறேழு வீடுகள் சேர்ந்து செய்தால் நிற்கும். காரணம் கூடையில் இல்லை, அதற்குள் போடும் விதைக் கலவையில், அதாவது கழிவை மக்கவைக்கும் நுண்ணுயிர் வளர்ந்த தவிட்டு-உமிக் கலவையில் இருக்கிறது.

ஜப்பானின் கித்தாக்யூஷூ நகரைச் சேர்ந்த கோஜி தாக்காகுரா, 2004இல் இந்தோனேசியாவின் சுராபாயா நகரில் புஸ்டாகோத்தா என்ற உள்ளூர் அமைப்போடு சேர்ந்து இந்த முறையை உருவாக்கினார். நெருக்கமான கம்போங் (நகரக் குடியிருப்பு) வீடுகளுக்காகச் செய்தது. அங்கே இதைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் பிகேகே என்ற குடும்பநல இயக்கத்தின் பெண்கள் குழுவினரும் தெருவாரியான தொண்டர்களும். வீடு வீடாக ஏறி, கூடையைத் திறந்து பார்த்து, ஈரமாக இருந்தால் உமி போட்டுக் கிளறிவிட்டு வந்தார்கள். இந்த வேலையை விட்டுவிட்டுக் கூடையை மட்டும் கொண்டுவந்தால் பலன் பாதிதான். நுண்ணுயிரும் வெளியிலிருந்து வரவேண்டியதில்லை; தாப்பேயிலும் (புளிக்கவைத்த அரிசி அல்லது மரவள்ளி) தெம்பேயிலும் (புளிக்கவைத்த சோயா) ஏற்கெனவே இருப்பதுதான். கோலாலம்பூரில் எந்தப் பசாரிலும் (சந்தையிலும்) இரண்டும் கிடைக்கும்.

இங்குள்ள பிபிஆர் வீடு என்றால் சுமார் 700 சதுர அடி, மூன்று அறை, மாத வாடகை 124 ரிங்கிட். கட்டடம் பதினேழு பதினெட்டு மாடி. 2015 செப்டம்பர் 1 முதல் குப்பையைப் பிரித்துப் போட வேண்டும் என்பது சட்டம். காகிதமும் பிளாஸ்டிக்கும் பிரிந்தாலும், சோறும் மீன் செதிலும் தேங்காய்ச் சக்கையும் ஒரே பையில்தான் போகின்றன. குப்பை அறையில் பை கிழிந்து நாறுவதும் கரப்பான் ஏறுவதும் இந்த ஈரக் குப்பையால்தான். அதைக் கீழே இறக்காமல் வீட்டிலேயே முடிப்பதுதான் இந்தக் கூடையின் வேலை.

கூடைக்குச் செலவு அதிகமில்லை. துணி போடும் ஓட்டைக் கூடை, 50 லிட்டர் அளவு, சுமார் 20 ரிங்கிட். உள்பக்கம் முழுக்க அட்டைப்பெட்டி அட்டை. அடியில் உமி நிரப்பிய ஒரு சிறு தலையணை, மேலே இன்னொன்று. வாயை மூட நெருக்கமான நெசவுள்ள பழைய துணி, அதன்மேல் மூடி. இதையே அழகான பெட்டியில் செட்டாக விற்கிறார்கள். கூடுதல் காசு கொடுக்கும் அளவுக்கு அதில் எதுவும் இல்லை.

விதைக் கலவைதான் உயிர். ஒரு கூடைக்கு 30 லிட்டர் வேண்டும். தனி வீட்டில் இதைச் செய்வது சிரமம். குவியல் சிறிதாக இருந்தால் சூடு ஏறாது, சூடு ஏறாவிட்டால் புளித்துக் கெட்டுவிடும். பத்து கூடைக்குச் சேர்த்துச் செய்தால் சுலபம்: 20 லிட்டர் பெயிண்ட் டப்பாவால் எட்டு டப்பா தவிடு, எட்டு டப்பா உமி. தவிடு (டெடாக் என்று கேளுங்கள்) கோழித் தீவனக் கடையில், உமி செடி விற்கும் கடையில் கிடைக்கும்.

ஐந்து நாள் முன்பே இரண்டு கரைசல் தயாராக வேண்டும். ஒன்று இனிப்பு: 4 லிட்டர் தண்ணீர், கால் கிலோ குலா மேலாக்கா (பனைவெல்லம் போன்றது), ஒரு துண்டு தெம்பே, ஒரு கைப்பிடி தாப்பே, இரண்டு கரண்டி தயிர். இன்னொன்று உப்பு: 4 லிட்டர் தண்ணீர், ஒரு மேசைக்கரண்டி உப்பு, முட்டைக்கோஸ் வெளி இலை, பப்பாளித் தோல், வெள்ளரித் தோல். குழாய்த் தண்ணீரை ஒரு ராத்திரி திறந்து வைத்தபின் எடுப்பது நல்லது, குளோரின் குறையும். கரைசல் பாட்டிலின் மூடியை இறுக்கக் கூடாது, வாயு சேர்ந்து பாட்டில் வெடித்துவிடும். புளிப்பும் கள் வாசமும் வந்தால் சரி. அழுகல் நாற்றம் வந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

மழை படாத சிமெண்டுத் தரையில் தவிட்டையும் உமியையும் கலந்து, கரைசல்களை வடிகட்டி ஊற்றி, மீதிக்குத் தண்ணீர் தெளிக்க வேண்டும். கையில் பிடித்தால் கொழுக்கட்டை போல நிற்கணும், விரலால் குத்தினால் உடையணும், தண்ணீர் சொட்டக் கூடாது. குவித்துச் சாக்கால் மூடுங்கள். மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ சாக்கைத் தூக்கினால் ஆவி அடிக்கும்; மேல்பக்கம் முழுக்க மாவு தூவியது போல வெள்ளைப் பூஞ்சை. புதிதாகச் சேர்பவர்கள் பயப்படுவது இந்த இடத்தில்தான். “அக்கா, பூஞ்சை பிடிச்சிருச்சே, கொட்டிடவா?” என்றால், “கொட்டாதம்மா, அதுதான் வேலை செய்யுது” என்று சொல்ல ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். தினம் ஒருமுறை புரட்டி, ஒரு வாரத்தில் சூடு இறங்கியதும் பரப்பிக் காயவைத்துப் பிரித்துக்கொள்ளலாம்.

வீட்டில் தினசரி வேலை ஐந்து நிமிடம். கழிவை வடித்து, இரண்டு சென்டிமீட்டர் துண்டாக நறுக்கி, கலவையில் குழி பறித்துப் போட்டு, கிளறி, மேலே கலவையால் மூட வேண்டும். நாளுக்கு ஒரு கிலோவுக்கு மேல் வேண்டாம். சாம்பார், ரசம் மிச்சத்தை அப்படியே ஊற்றுவதுதான் நம் வீடுகளில் நடக்கும் பெரிய தவறு. உப்பும் எண்ணெயும் சேர்ந்து கலவையைக் கொன்றுவிடும். வடித்து அலசிப் போடுங்கள். எலும்பு, தேங்காய் ஓடு, மாங்கொட்டை வேண்டாம். வாழையிலையைக் கிழித்துப் போடலாம். நறுக்காத முருங்கைச் சக்கை மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும்.

புளித்த நாற்றம் என்றால் ஈரம் கூடிவிட்டது: இரண்டு நாள் எதுவும் போடாமல் உமியோ கிழித்த அட்டையோ சேர்த்துக் கிளறுங்கள். மூக்கில் ஏறும் அமோனியா வாசம் மீனும் கோழியும் அதிகமானதால் வருவது, அதற்கும் உமிதான். கலவை புழுதி போலக் குளிர்ந்து கிடந்தால் அரிசி களைந்த தண்ணீர் தெளித்தால் போதும். புழு வந்தால், பெரும்பாலும் கழிவை மேசையில் திறந்து வைத்தபோதே ஈ முட்டையிட்டிருக்கும். அன்றைய கழிவை அன்றே போடுவதுதான் மருந்து. அட்டை சில மாதத்தில் நைந்துவிடும், மாற்ற வேண்டும்.

கூடையை நடைபாதையில் வைக்காதீர்கள். தீ விபத்தில் ஆட்கள் ஓடும் வழி அது. துணி காயப்போடும் இடத்தில், சாரல் அடிக்காத மூலையில் வைக்கலாம். கீழ்த்தள வீடுகளில் எலி பிளாஸ்டிக்கைக் கடித்துவிடும்; சுற்றிலும் கம்பி வலை கட்டாமல் ஆரம்பிக்க வேண்டாம். நிறைந்த கூடை 15 கிலோவுக்கு மேல் கனக்கும். லிஃப்ட் நின்ற நாளில் வயதானவர்களால் இறக்கவே முடியாது. ஆகவே உரத்தை ஐந்து கிலோ பைகளில் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குவது நல்லது. உண்மையில் இதுதான் இந்தப் பொருளின் பெரிய குறை, சுராபாயாவின் தரை வீடுகளில் இந்தச் சிக்கல் இருந்திருக்காது.

இரண்டு மூன்று மாதத்தில் கூடை நிறையும். பாதியை எடுத்து இரண்டு வாரம் சாக்கில் ஆறவிட்ட பிறகே செடிக்குப் போடணும். அவசரப்பட்டால் வேர் வெந்து இலை மஞ்சளாகும். ஒரு பங்கு உரத்துக்கு மூன்று பங்கு மண். கங்கோங், கீரை, வெண்டை நன்றாக வரும். பிளாக்கின் அடியில் பாத்தி போடுவதானால் டிபிகேஎல் (கோலாலம்பூர் மாநகராட்சி) அனுமதியை முதலில் வாங்குங்கள்; பிளாக்கை நிர்வகிப்பது அவர்கள்தான்.

கூடையில் மீதியிருக்கும் பாதிதான் அடுத்த சுற்றுக்கான விதை. ஒரு வீட்டில் கலவை செத்துப்போனால் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு டப்பா வாங்கிப் போட்டால் மறுநாளே சூடு பிடிக்கும். இரண்டு மாடிக்கு ஒருவர், முதல் மூன்று வாரம் வாரத்துக்கு இரண்டு முறை கூடைகளைத் திறந்து பார்க்க ஒத்துக்கொண்டால் ஆரம்பியுங்கள். அப்படி ஒருவர் கிடைக்கும்வரை கூடை வாங்க வேண்டாம்.