வீட்டு சிஎன்சிக்கு எந்த டிரைவர்: டிஆர்வி8825-ஆ, டிஎம்542-ஆ?

சிஎன்சிக்கு (கணினி சொல்படி வெட்டும், வரையும் மெஷின்) ஸ்டெப்பர் மோட்டார் (படிப்படியாகச் சுழலும் மோட்டார்) வாங்கியாச்சு, அதற்குக் கரண்ட் கொடுத்து ஓட்டும் டிரைவரில்தான் குழப்பம் என்பவர்கள் முதலில் மோட்டார் லேபிளில் ஆம்பியரைப் பாருங்கள். பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும்.

கரண்ட்
டிஆர்வி8825: ஹீட்சிங்க், ஃபேன் இல்லாமல் சுமார் 1.5 ஆம்பியர். 2.2 என்பதெல்லாம் நல்ல காற்றோட்டம் இருந்தால்தான்.
டிஎம்542: உச்சம் 4.2 ஆம்பியர். நெமா 23 என்ற பெரிய சைஸ் மோட்டாருக்குத் தாராளம்.

வோல்டேஜ்
இரண்டுமே 36 வோல்ட் சப்ளையைத் தாங்கும்.

செட்டிங்
டிஆர்வி8825: மிளகளவு திருகைத் திருப்பி, மல்டிமீட்டரில் விரெஃப் (கரண்ட் வரம்பைக் குறிக்கும் வோல்டேஜ்) அளக்க வேண்டும். போலோலு கம்பெனி போர்டில் விரெஃப் 0.5 வோல்ட் என்றால் கரண்ட் 1 ஆம்பியர். பவர் இருக்கும்போது ஸ்க்ரூடிரைவர் நழுவினால் சிப் போச்சு.
டிஎம்542: பக்கவாட்டில் டிப் சுவிட்ச் (குட்டி ஆன்-ஆஃப் சுவிட்ச் வரிசை), எந்தக் கரண்டுக்கு எந்த சுவிட்ச் என்ற அட்டவணை பெட்டி மேலேயே அச்சிட்டிருக்கும்.

விலை
டிஆர்வி8825 மிக மலிவு. டிஎம்542 பல மடங்கு.

நெமா 17 (சின்ன சைஸ் மோட்டார்) போட்ட பேனா பிளாட்டர், சின்ன லேசருக்கு சிஎன்சி ஷீல்டும் (டிரைவர்களைச் செருகும் போர்டு) டிஆர்வி8825-உம் போதும். மரமோ அலுமினியமோ வெட்டும் நெமா 23 மெஷினுக்கு டிஎம்542 தவிர வேறு யோசிக்காதீர்கள். பாதி வெட்டில் ஸ்டெப் தவறினால் மொத்தப் பலகையும் வீண். எதை வாங்கினாலும் பவர் ஓடும்போது மோட்டார் வயரைக் கழற்றாதீர்கள், டிரைவர் எரிந்துவிடும்.