68 வெள்ளி அளவுக்கருவிப் பெட்டி: எதை நம்பலாம்?

வீட்டில் இஞ்சி பீர் நொதிக்க வைப்பவர்களுக்கென்று விற்கப்படும் அளவுக்கருவிப் பெட்டி ஒன்றை, சுங்கை சிப்புட்டில் நேரில் பார்த்து வாங்க வழியின்றி, இணையக் கடையில் 68 வெள்ளிக்கு வாங்கினேன். நீர்மானி (தூய நீரை 1.000 என்று கொண்டு நீர்மத்தின் அடர்த்தியையும், அதன்வழி அதிலுள்ள சர்க்கரையையும் காட்டும் கண்ணாடி மிதவை), மின்னணு வெப்பமானி, சிறு தராசு, நெகிழி அளவுச்சாடி ஆகியவை அதில் இருந்தன. தோட்டத்துக் கள்ளுக்கடையில் என் தாத்தாவுக்கு நாக்கே நீர்மானியாக இருந்தது. அந்த வரம் எனக்கு வாய்க்காததால், பயன்படுத்தும் முன் எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்தேன்.

முதலில் தராசு. 2012இல் புழக்கத்திற்கு வந்த 50 சென் நாணயம் ஒன்றின் எடை 5.66 கிராம். பத்து நாணயங்களை வைத்தபோது 56.5 கிராம் காட்டியது. இந்த விலைக்கு இது போதும். சாடியின் 250 மில்லிலிட்டர் கோடு வரை நீர் நிரப்பி அதே தராசில் நிறுத்தால் 244 கிராம்தான் இருந்தது. கோடு சற்றுக் கீழே அச்சாகியிருக்கிறது.

வெப்பமானி நொறுக்கிய பனிக்கட்டி நீரில் 0.2 பாகை காட்டி நம்பிக்கையூட்டியது, கொதிநீரிலோ 97.4 பாகையில் நின்றுவிட்டது. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்திலுள்ள தானா ராத்தாவில் நீர் 95 பாகையை ஒட்டியே கொதித்துவிடும் என்பதால், அங்கே இத்தகைய வேறுபாட்டை உயரத்தின் மீது போடலாம். நம் ஊர் தாழ்நிலம், பிழை கருவியுடையது. சூடு ஏற ஏற வளரும் பிழையை ஒரே எண்ணைக் கூட்டிச் சரிசெய்ய முடியாது.

அதிக நேரம் எடுத்தது நீர்மானி. அதன் தாளில் 20 பாகை என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள்; அந்த வெப்பநிலையில்தான் அதன் அளவு சரியாக இருக்கும் என்று பொருள். நம் வீட்டுக் குழாய்நீரோ 30 பாகையை நெருங்கும், அந்தச் சூட்டில் சரியான நீர்மானி தூய நீரில் 1.000க்குப் பதில் 0.997 அளவில்தான் நிற்க வேண்டும். ஆகவே பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரைக் குளிர்பெட்டியில் வைத்து 20 பாகைக்குக் கொண்டுவந்து, குமிழிகள் ஒட்டாதபடி தண்டைச் சுழற்றிவிட்டு, நீர்மட்டத்தின் அடிவளைவைக் கண்ணுக்கு நேராக வைத்துப் படித்தேன். காட்டியது 1.004. பின்னர் 25 கிராம் சர்க்கரையை 225 கிராம் நீரில் கரைத்தேன், 1.040 காட்ட வேண்டிய அக்கரைசல் 1.044 காட்டியது. இரண்டிலும் ஒரே அளவு பிழை என்றால், கண்ணாடிக்குள் அளவுத்தாள் மேலே நகர்ந்திருக்கிறது என்று பொருள். தொடக்க அளவுக்கும் முடிவு அளவுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் பார்ப்பவருக்கு இதனால் பாதகமில்லை. ஆனால் எவ்வளவு சர்க்கரை மிஞ்சியிருக்கிறது என்பதைப் பார்த்துப் புட்டியில் அடைப்பவர் ஏமாந்துபோவார்.

தராசுக்காக மட்டும் இப்பெட்டியை வாங்கலாம் என்றால் 68 வெள்ளி அதிகம். நீர்மானியைத் தனியாக வாங்குவதே மேல். வெப்பமானியை மாற்றித்தர விற்பனையாளர் ஒப்புக்கொண்டார்; நீர்மானியைப் பற்றிக் கேட்டதற்கு, குறை என் தண்ணீரில்தான் இருக்கும் என்று பதில் வந்தது. சாடியின் மேல் ‘0.004 கழிக்க’ என்று எழுதி ஒட்டியிருக்கிறேன்.